கடலில் கிடந்த இரும்பைக் காயவிடாதீர்கள்

போன மாசியில் நாகப்பட்டினம் பக்கத்து மீனவ கிராமத்திலிருந்து ஒரு போன். "சார், வலையில மாட்டுன பழைய நங்கூரம். கம்பி பிரஷ் போட்டுத் தேச்சு, கறுப்பு பெயிண்ட் அடிச்சு வாசல்ல வச்சோம். ஆறு மாசம்தான் ஆச்சு, செதில் செதிலா உதிருது."

அருங்காட்சியக உலோகப் பொருள்களைக் கெடாமல் காப்பது என் வேலை. போய்ப் பார்த்தேன். பெயிண்டைப் பிளந்துகொண்டு தேன் நிறத்தில் சின்னச் சின்ன முத்துகளாக நீர் கோத்து நின்றது. இதை 'இரும்பு அழுகிறது' என்போம். விரல் வைத்து அழுத்தினேன். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு செதில் கையோடு வந்துவிட்டது.

"கடல்ல அத்தன வருசம் நல்லாத்தான கெடந்துச்சு, எங்க வீட்டுக்கு வந்துதான் கெடணுமா?" என்று கேட்டார் அந்த வீட்டு அம்மா. சரியான கேள்வி. பதிலாக 'மானிட்டர்' கப்பலின் கதையைச் சொன்னேன்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென் மாநிலத் துறைமுகங்களை வடக்குக் கடற்படை முற்றுகையிட்டிருந்தது. அதை உடைக்கத் தெற்கு 'வர்ஜீனியா' என்ற இரும்புக் கவசக் கப்பலைக் கட்டியது. பதிலுக்கு ஜான் எரிக்சன் என்ற பொறியாளர் நியூயார்க்கின் புரூக்ளினில் ஏறக்குறைய நூறே நாளில் கட்டியதுதான் மானிட்டர். தண்ணீருக்கு மேலே தளம் ஒன்றரை அடிதான். நடுவில் சுழலும் பீரங்கிக் கோபுரம்: ஓர் அங்குலத் தகடு எட்டு அடுக்கு, உள்ளே டால்கிரன் வகையைச் சேர்ந்த 11 அங்குலப் பீரங்கிகள் இரண்டு. 1862 மார்ச் 9-ல் ஹாம்ப்டன் ரோட்ஸ் என்ற கடல் முகத்துவாரத்தில் இரண்டு கப்பல்களும் மணிக்கணக்கில் மோதின; எந்தக் கவசத்தையும் குண்டு துளைக்கவில்லை. முற்றுகை நிலைத்தது.

குண்டு சாய்க்காத கப்பலைக் கடல் சாய்த்தது. அதே ஆண்டு டிசம்பர் கடைசியில் 'ரோட் ஐலண்ட்' என்ற கப்பல் மானிட்டரைக் கட்டியிழுத்துக்கொண்டு தெற்கே போனது. வட கரோலினாவின் ஹாட்டரஸ் முனைக்கு வெளியே புயல். அவ்வளவு தாழ்ந்த தளம் பெருங்கடலுக்கு ஆகாது என்பது மீன்பிடி படகு கட்டுகிற எவருக்கும் தெரியும். 31-ஆம் தேதி விடியுமுன் மூழ்கியது. 16 பேர் போனார்கள். மீட்கப் போனவர்கள் கடைசியாகக் கண்டது இருட்டில் ஆடிய ஒரு சிவப்பு விளக்கு.

1973-ல் சுமார் 70 மீட்டர் ஆழத்தில், கவிழ்ந்த நிலையில் கப்பல் கிடைத்தது. 1977-ல் ஒரு சிவப்பு விளக்கு மேலே வந்தது. 2002 ஆகஸ்ட் 5-ல் கோபுரத்தையே தூக்கினார்கள். குண்டு பட்ட குழிகள் அப்படியே இருந்தன. உள்ளே இரண்டு மாலுமிகளின் எலும்புக்கூடுகள். பெயர் கண்டுபிடிக்க முடியாமலேயே 2013-ல் ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள்.

நான் அந்த அம்மாவுக்குச் சொல்ல வந்தது இதற்கு அடுத்ததைத்தான். மேலே வந்து 20 வருஷம் தாண்டியும் கோபுரம் அமெரிக்காவின் நியூபோர்ட் நியூஸ் நகர அருங்காட்சியகத்தில் தண்ணீர்த் தொட்டிக்குள்தான் இருக்கிறது.

ஏன்? கடலடியில் ஆக்சிஜன் குறைவு. சிப்பியும் மண்ணும் துருவும் இறுகி இரும்பின் மேல் ஓடாகிவிடும். அரிப்பு நிற்காது, ஆனால் நிதானமாக நடக்கும். அரித்த இடமெல்லாம் உப்பு போய் உட்காரும். வெளியே எடுத்துக் காயவிட்டால் அந்த உப்பும் காற்றின் ஈரமும் சேர்ந்து உள்ளுக்குள்ளேயே புதுத் துரு கிளம்பும். துருவுக்கு இரும்பைவிட அதிக இடம் வேண்டும். மேல்தோலைப் பிளந்து தள்ளிவிடும். பெயிண்ட் அடித்தால் உப்பை உள்ளே வைத்துப் பூட்டியதாகத்தான் அர்த்தம்.

வார்ப்பிரும்பு இன்னும் மோசமாக ஏமாற்றும். இரும்பு கரைந்துபோய் கிராஃபைட் மட்டும் பழைய வடிவத்தில் நிற்கும். பார்வைக்குப் பீரங்கி, கத்தி வைத்தால் பென்சில் கரி.

இந்த உப்பை வெளியேற்றுவதுதான் சிகிச்சை. காஸ்டிக் சோடா கரைசலில் மூழ்கவைத்து, மெல்லிய மின்சாரம் செலுத்தி, கரைசலை மாற்றி மாற்றிக் குளோரைடை அளப்பார்கள். எட்டு அடுக்குத் தகட்டின் இடுக்கிலிருந்தெல்லாம் அது வந்து தீர வேண்டாமா? யூடியூப் பார்த்து இதை வீட்டில் செய்யாதீர்கள். காஸ்டிக் தோலைச் சுட்டுவிடும், கிளம்பும் ஹைட்ரஜன் தீப்பிடிக்கும்.

நீங்கள் செய்யக்கூடியது எளிது. வலையில் இரும்பு வந்தால் ஈரச் சாக்கு போட்டு மூடுங்கள். கரைக்கு வந்ததும் பிளாஸ்டிக் டிரம்மில் நல்ல தண்ணீரில் முழுசாக மூழ்கவிட்டுக் கொஞ்சம் சலவைச் சோடா போடுங்கள். மரமோ பித்தளையோ சேர்ந்திருந்தால் சோடா வேண்டாம், வெறும் தண்ணீர் போதும். மேலே ஒட்டியிருக்கும் ஓட்டைத் தட்டாதீர்கள், ஆசிட் ஊற்றாதீர்கள். போட்டோ எடுத்து, கிடைத்த இடத்தையும் குறித்துக்கொண்டு விஏஓவுக்கோ மாவட்ட அருங்காட்சியகத்துக்கோ சொல்லுங்கள்.

பீரங்கிக் குண்டுபோல உருண்டையாக வந்தால் மட்டும் கையே வைக்காமல் போலீசுக்குச் சொல்லுங்கள். 2008-ல் வர்ஜீனியாவில், உள்நாட்டுப் போர்க் குண்டுகளைச் சுத்தம் செய்து கைதேர்ந்த ஒரு சேகரிப்பாளர், அப்படியொரு கப்பல் குண்டு வெடித்து வீட்டு முன்னாலேயே செத்துப்போனார். அந்த வெடிமருந்துக்கு வயது 140-க்கு மேல்.

நாகப்பட்டினத்து நங்கூரம் இப்போது நீல டிரம்மில் கிடக்கிறது. மூன்று முறை தண்ணீர் மாற்றியாயிற்று. சோதனைக் குச்சி இன்னும் உப்பு காட்டுகிறது.