வேரைத் தூங்க வைக்கும் வெளிச்சம்

வீட்டிலேயே முடி நீக்கிக்கொள்ளலாம் என்று ஐ.பி.எல். (இன்டென்ஸ் பல்ஸ்டு லைட், அதாவது தீவிர ஒளித்துடிப்பு) கருவி வாங்கியவர்களில் பலர் முதல் வாரத்திலேயே சலித்துப்போகிறார்கள். ஷேவ் செய்த காலில் வைத்து அழுத்தினால் பளிச்சென்று ஒரு வெளிச்சம், சுருக்கென்று லேசான சூடு, அவ்வளவுதான். இரண்டாம் நாளே முடி வழக்கம்போல எட்டிப் பார்க்கிறது. வேக்சிங் என்றால் வலித்தாலும் அன்றைக்கே கால் வழவழப்பாகிவிடும். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கியது ஒன்றுமே செய்யவில்லையே என்ற எரிச்சல் நியாயம்தான். ஆனால் உள்ளே வேலை நடந்திருக்கலாம். வேர் சூடுபட்டு வளர்ச்சி நின்றுபோன முடியின் தண்டு, தோலுக்குள்ளிருந்து மெதுவாக வெளியே தள்ளப்படுகிறது. பார்ப்பவருக்கு அது வளர்வதுபோலவே தெரியும். ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் தானாக உதிரும். இந்தக் கருவி தரும் பலனும் தாமதமும், அதிலுள்ள ஆபத்தும்கூட, மெலனின் என்ற ஒரே நிறமியைச் சார்ந்தவை.

கருவிக்குள் இருப்பது செனான் வாயு அடைத்த சிறு குழாய். கெபாசிட்டரில் சேர்த்துவைத்த மின்சாரம் மொத்தமாக அதில் பாயும்போது, சில மில்லி செகண்டுக்குக் கண்ணைப் பறிக்கும் வெளிச்சம் வருகிறது. கேமரா ஃபிளாஷில் இருப்பதும் இதே வகை விளக்குதான். முன்னால் ஒரு வடிகட்டி உண்டு. அது புற ஊதாவையும் நீலத்தையும் நிறுத்திவிட்டு, ஏறத்தாழ 500 முதல் 1200 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள ஒளியை மட்டும் வெளியே விடுகிறது. பச்சையிலிருந்து அகச்சிவப்பு வரை எல்லாம் அதில் கலந்திருக்கும். லேசர் அப்படியல்ல, அதில் ஒரே அலைநீளம்தான். கிளினிக்குகளில் அலெக்சாண்ட்ரைட் லேசர் 755, டயோடு 810 ஒட்டி, என்டி-யாக் 1064 நானோமீட்டரில் இயங்குகின்றன. வீட்டுக் கருவிகளிலும் லேசர் வந்ததுண்டு. டிரியா என்ற டயோடு லேசர் கருவிக்கு அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2008-இல் அனுமதி கொடுத்தது. ஆனால் இன்று கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை ஐ.பி.எல்.தான். விளம்பரத்தில் 'லேசர்' என்று பெரிதாகப் போட்டிருந்தாலும் பெட்டியைத் திருப்பிப் படித்துப் பாருங்கள்.

இந்த ஒளி முடியை வெட்டுவதில்லை. தோலுக்குள் நுழைந்து, எதிர்ப்படும் கறுப்பைச் சூடாக்குகிறது. சித்திரை வெயிலில் கோயில் பிராகாரத்தைச் சுற்றியவர்களின் பாதத்துக்கு இந்த இயற்பியல் தெரியும். கருங்கல் தளத்தில் குதித்துக் குதித்து ஓடுகிறவர், பக்கத்திலேயே வெள்ளை அடித்த பட்டையில் நிதானமாக நடப்பார். வெயில் இரண்டுக்கும் ஒன்றுதான், உறிஞ்சுவது எவ்வளவு என்பதில்தான் வேறுபாடு. முடித்தண்டிலும் அதன் அடியிலுள்ள குமிழிலும் மெலனின் செறிந்திருக்கிறது. சுற்றியுள்ள உள்தோலில் அநேகமாக இல்லை. அதனால் ஒரே ஃபிளாஷில் முடி மட்டும் சட்டென்று சூடேறுகிறது.

சூடு அக்கம்பக்கம் பரவாதா? பரவும். அதற்கு விடை கண்டவர்கள் பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் இருந்த ராக்ஸ் ஆண்டர்சனும் ஜான் பாரிஷும். 1983-இல் 'சயன்ஸ்' இதழில் வந்த அவர்களின் கட்டுரைதான் இன்றைய தோல் லேசர் சிகிச்சைகளுக்கெல்லாம் அடித்தளம். சிறிய பொருள் சீக்கிரம் ஆறும், பெரியது மெதுவாக ஆறும். இதைப் பயன்படுத்தி, ஒளித்துடிப்பின் நீளத்தைச் சரியாக அமைத்தால் நமக்கு வேண்டிய இலக்கை மட்டும் சுடலாம். மெல்லிய மேல்தோல் சில மில்லி செகண்டில் ஆறிவிடுகிறது. பருத்த மயிர்க்கால் ஆறுவதற்குப் பத்து முதல் நூறு மில்லி செகண்டு வரை பிடிக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு துடிப்பைத் தேர்ந்தெடுத்தால் தோல் தப்பிக்கும், வேர் மாட்டிக்கொள்ளும். அந்த மருத்துவமனையிலேயே 1990களின் நடுவில் ரூபி லேசரை வைத்து மனித முடியில் இதைச் செய்துகாட்டினார்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. முடியைத் திரும்பத் திரும்ப முளைக்க வைக்கும் ஸ்டெம் செல்கள் கறுப்பாக இல்லை. அவை மயிர்க்காலின் பக்கச் சுவரில் ஒரு புடைப்பில் இருக்கின்றன. ஒளி நேரடியாக அவற்றைச் சுடாது. கறுத்த தண்டும் குமிழும் சூடாகி, அந்தச் சூடு கசிந்து போய்த்தான் அவற்றைத் தொட வேண்டும். ஆகவே தண்டு தோலுக்குள் இருந்தாக வேண்டும். வேக்சிங், த்ரெடிங், எபிலேட்டர் எதுவானாலும் முடியை வேரோடு பிடுங்கிவிடும். அதற்குப் பிறகு ஃபிளாஷ் அடிப்பது காலி இடத்தில் வெளிச்சம் போடுவதுதான். ஷேவிங்தான் வழி. ரேஸர் வெளியே இருப்பதை மட்டும் எடுக்கிறது, உள்ளே இருப்பது இருக்கிறது. ஷேவ் செய்யாமல் அடித்தாலும் தப்பு. வெளியே நிற்கும் முடி சூட்டை வாங்கிக்கொண்டு கருகும், தோலையும் சுடும்.

'ஷேவ் செய்தால் முடி தடிமனாக வளருமே' என்று வீட்டில் பெரியவர்கள் தடுப்பார்கள். மில்ட்ரெட் டிராட்டர் என்ற அமெரிக்க உடற்கூறியல் அறிஞர் ஆண்களின் தாடியை வைத்து 1928-லேயே இதைச் சோதித்து, அப்படி எதுவும் நடக்கவில்லை என்று எழுதிவிட்டார். வெட்டிய முனை மொட்டையாக இருப்பதால் கைக்குச் சொரசொரப்பாகத் தெரிகிறது, அவ்வளவே.

மெலனின் இல்லாத முடியை இந்த ஒளி கண்டுகொள்வதே இல்லை. நரைத்த முடி, வெளிர்பொன் நிற முடி, பூனைமுடி எதற்கும் பலன் கிடையாது. நமக்குக் கறுத்த, தடித்த முடி. அந்த வகையில் இந்தத் தொழில்நுட்பத்துக்கு ஏற்ற ஆட்கள்தான் நாம். ஆனால் அதே மெலனின் நம் தோலிலும் இருக்கிறது.

வேருக்குப் போகும் ஒளி முதலில் மேல்தோலைக் கடக்க வேண்டும். மாநிறத் தோல் அதில் கணிசமான பங்கை வழியிலேயே பிடித்துக்கொள்கிறது. வேருக்குப் போவது குறைகிறது, தோல் சூடாவது கூடுகிறது. பெட்டியில் ஒட்டியிருக்கும் ஆறு கட்ட நிற அட்டவணை இதற்காகத்தான். ஹார்வர்டின் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975-இல் சொரியாசிஸ் நோயாளிகளுக்குப் புற ஊதா சிகிச்சையின் அளவை முடிவு செய்ய உருவாக்கிய வகைப்பாடுதான் அதற்கு மூலம். ஆரம்பத்தில் வெள்ளைத் தோலுக்கு நான்கு வகைதான் இருந்தன. பழுப்புக்கும் கறுப்புக்கும் ஐந்து, ஆறு என்று பிற்பாடுதான் சேர்த்தார்கள். தென்னிந்தியர்களிலும் இலங்கைத் தமிழர்களிலும் பெரும்பாலானோர் நான்கிலிருந்து ஆறுக்குள் வருவோம். வீட்டுக் கருவிகளில் பல நான்கு வரைக்கும்தான், சில ஐந்து வரைக்கும் அனுமதிக்கின்றன. ஆறாம் வகைக்கு இவற்றைப் பயன்படுத்தவே கூடாது. கருவியின் முகப்பிலுள்ள சென்சார் தோலில் பட்டுத் திரும்பும் ஒளியை அளந்து, நிறம் அடர்ந்திருந்தால் ஃபிளாஷ் அடிக்க மறுத்துவிடும். அதைக் கருவிக் கோளாறு என்று நினைத்து ஏமாற்ற வழி தேடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம்.

ஒரே உடம்பிலும் நிறம் ஒன்றாக இருப்பதில்லை. முன்கையைவிட அக்குள் நமக்கு இரண்டு படி கறுத்திருக்கும், தொடை இடுக்கும் அப்படியே. கையில் சோதித்துச் சரி என்று தெரிந்த அளவை அக்குளில் வைத்தால் சுட்டுவிடும். ஒவ்வொரு இடத்துக்கும் தனியாக, குறைந்த அளவில் ஒரு புள்ளியில் அடித்து, ஒரு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும். வெயிலில் அலைந்து கறுத்திருக்கும் வாரங்களில் தள்ளிப்போடுவதே நல்லது. கிளினிக்கில் கறுத்த தோலுக்கு 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசரை எடுப்பதும் இந்தக் காரணத்தால்தான். அந்த அலைநீளத்தை மேல்தோல் மெலனின் குறைவாகவே உறிஞ்சும், ஒளி ஆழமாகவும் போகும். தோலைக் குளிர்விக்கும் ஏற்பாடும் அங்கே இருக்கும்.

மருத்துவர் பக்கத்தில் இல்லாமல், யார் கையில் கொடுத்தாலும் பெரிய சேதம் வராத அளவுக்கு வீட்டுக் கருவியின் சக்தியைக் குறைத்துத்தான் செய்கிறார்கள். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 3 முதல் 6 ஜூல் என்பது வழக்கமான அளவு. கிளினிக்கில் 10-இல் தொடங்கி 40 வரைகூடப் போவார்கள். குறைந்த சூட்டில் மயிர்க்கால் செத்துப்போவதில்லை. வளர்வதை நிறுத்திவிட்டு ஓய்வுக் கட்டத்துக்குள் போய்விடுகிறது. கொஞ்ச காலம் தூங்கும், அப்புறம் விழித்துக்கொள்ளும். திரும்பத் திரும்ப அடித்துத் தூக்கத்தை நீட்டிக்கொண்டே போவதுதான் வீட்டுக் கருவியின் உண்மையான வேலை. 'நிரந்தரம்' என்ற விளம்பரச் சொல்லை இங்கே வைத்துப் பார்க்க வேண்டும். கிளினிக் லேசருக்கே எஃப்.டி.ஏ. 1998-இல் அனுமதித்தது 'நிரந்தரமாகக் குறைத்தல்' என்ற சொல்லைத்தான். திரும்ப முளைக்கும் முடிகளின் எண்ணிக்கை நீண்ட காலத்துக்குக் குறைந்திருக்கும் என்பதே அதன் பொருள். முடியே இருக்காது என்பதல்ல.

ஒரு தடவையில் ஏன் முடியவில்லை என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எல்லா முடியும் ஒரே சமயத்தில் வளர்வதில்லை. தலைமுடியில் சுமார் 85 சதவீதம் எப்போதும் வளர்ந்துகொண்டிருக்கும். காலில் ஏறத்தாழ 20 சதவீதம்தான், அக்குளில் 30 சதவீதம். மீதியெல்லாம் ஓய்வில் இருக்கும். ஓய்விலிருக்கும் முடியில் கறுத்த குமிழ் இல்லை, தண்டும் மேலே நகர்ந்திருக்கும், சூடு போக வேண்டிய இடத்துக்குப் போகாது. ஐந்தில் ஒன்றுதான் ஒரு தடவையில் சிக்கும் என்றால், மிச்சம் விழித்து வர வர அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். வாரம் ஒரு முறை அல்லது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்று இரண்டு மூன்று மாதத்துக்கு அட்டவணை போட்டிருப்பது இதனால்தான். தினமும் அடித்தால் சீக்கிரம் முடியும் என்று நினைப்பவர்களுக்குத் தோல் எரிச்சல்தான் மிச்சம்.

விடாமல் செய்தால், முதல் மாத முடிவில் அங்கங்கே திட்டுத் திட்டாக முடி குறையும். அதைப் பார்த்து ஒழுங்காக அடிக்கவில்லையோ என்று தோன்றும், அது இயல்பு. இரண்டு மூன்று மாதத்தில் அடர்த்தி நன்றாகக் குறைந்து, முளைப்பவையும் மெலிந்து, ஷேவ் செய்யும் இடைவெளி நீளும். கால், அக்குள், கை என்றால் பலன் தெளிவாகத் தெரியும். ஆண்களின் தாடிக்கு இதை முயலவே வேண்டாம் என்று பெரும்பாலான கையேடுகள் சொல்கின்றன. அங்கே முடி அடர்ந்து தடித்திருப்பதால் சூடு அளவுக்கு மீறிப்போகும். இந்த இரண்டு மூன்று மாதத்துக்குப் பிறகும் மாதம் ஒரு முறையோ இரண்டு மாதத்துக்கு ஒரு முறையோ தொடர வேண்டும். நிறுத்தினால், சில மாதங்களில் பெரும்பகுதி திரும்பிவிடும்.

முகத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒளி பட்ட இடத்திலோ அதன் ஓரத்திலோ முடி குறையாமல் கூடுவது சிலருக்கு நடக்கிறது. தாடை, கழுத்து, கன்னத்தில், அதிலும் தெற்காசியா, மத்தியத் தரைக்கடல், மத்தியக் கிழக்குப் பின்னணியுள்ள பெண்களிடம் இதை அதிகம் பார்க்கிறார்கள். வேரை முடக்கப் போதாத சூடு, உறங்கிக் கிடந்த பூனைமுடியைத் தட்டி எழுப்பிவிடுகிறது என்பது மருத்துவர்களிடையே பரவலான விளக்கம். வீட்டுக் கருவி தருவது அப்படிப்பட்ட குறைந்த சூட்டைத்தான். மோவாயில் கறுத்த முடி புதிதாக முளைக்கிறது, மாதவிலக்கும் தள்ளிப் போகிறது என்றால், பி.சி.ஓ.எஸ். எனப்படும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையாக இருக்கலாம். ஹார்மோன் புது முடியை முளைக்க வைத்துக்கொண்டிருக்கும்போது மேலிருந்து வெளிச்சம் அடித்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. முதலில் மருத்துவரைப் பார்ப்பதுதான் முறை.

'கதிர்வீச்சு ஆயிற்றே, புற்றுநோய் வராதா' என்பது அடிக்கடி வரும் கேள்வி. இந்தப் பயத்துக்கு வரலாறு இருக்கிறது. எக்ஸ்-கதிர் கண்டுபிடிக்கப்பட்ட மறு ஆண்டே, 1896-இல், வியன்னாவில் லியோபோல்ட் ஃபிராய்ண்ட் அதை முடி நீக்கப் பயன்படுத்தினார். 1920களில் அமெரிக்க அழகு நிலையங்களில் 'டிரைக்கோ' என்ற பெயரில் எக்ஸ்-கதிர் முடி நீக்கம் பெரிய வியாபாரமாக நடந்தது. வலியில்லை என்று போன பெண்கள் பலருக்குப் பின்னாளில் ஆறாத புண்ணும் தோல் புற்றுநோயும் வந்தன. எக்ஸ்-கதிர் டி.என்.ஏ.வை உடைக்கும் வகை. ஐ.பி.எல். வெளியிடுவது கண்ணுக்குத் தெரியும் ஒளியும் அகச்சிவப்பும்தான். அவற்றுக்கு அந்த ஆற்றல் கிடையாது, சூடாக்க மட்டுமே தெரியும்.

சூடும் சாதாரணமல்ல. மச்சம், பச்சை குத்திய இடம், உதடு, முலைக்காம்பு ஆகியவை நிறமி செறிந்தவை, அங்கே அடிக்கக் கூடாது. புருவத்தருகே அறவே கூடாது, ஏனென்றால் கருவிழியிலும் விழித்திரையிலும் மெலனின் உண்டு. பருவுக்கு டாக்ஸிசைக்ளின், ஐசோட்ரெடினாயின் சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. கர்ப்பிணிகளிடம் இவை சோதிக்கப்படவில்லை என்பதால் அந்த மாதங்களில் தவிர்க்கச் சொல்கிறார்கள். நம் தோலில் சின்னச் சூட்டுக் காயமும் கறுந்தழும்பாகி மாதக்கணக்கில் நிற்கும் என்பதால், அடித்த இடத்துக்கு வெயில் படுமானால் சன்ஸ்கிரீன் தேவை.

நரைத்த முடிக்காரர்களுக்கு வழி வேறு. 1875-இல் செயின்ட் லூயி நகரக் கண் மருத்துவர் சார்லஸ் மிஷெல், கண்ணுக்குள் வளைந்து குத்தும் இமைமுடியை எடுக்க மெல்லிய ஊசியை வேரில் இறக்கி மின்சாரம் பாய்ச்சினார். எலக்ட்ரோலிசிஸ் என்ற அந்த முறை இன்றும் இருக்கிறது. ஒவ்வொரு முடியாக எடுக்க வேண்டும், நேரமும் பொறுமையும் தேவை. ஆனால் ஊசிக்கு முடியின் நிறமும் தோலின் நிறமும் ஒரு பொருட்டே இல்லை.