இரண்டு இணைய இணைப்பு, ஒரு ரவுட்டர்: போகிற வழியை மட்டும் எழுதினால் போதாது

அலுவலகத்தில் ஒரு லீஸ் லைன் (அலுவலகத்துக்கென்றே தனியாக வாடகைக்கு எடுக்கும் இணைப்பு), துணைக்கு ஒரு ஃபைபர் பிராட்பேண்ட். பில்லிங்கும் வீடியோ காலும் லீஸ் லைனில் போகட்டும், விருந்தினர் வைஃபையும் சிசிடிவியும் பிராட்பேண்டில் போகட்டும். பெரும்பாலான இடங்களில் கேட்பது இவ்வளவுதான். வழக்கமாக ரவுட்டர், பாக்கெட் (தகவலின் சிறு துண்டு) போய்ச் சேர வேண்டிய முகவரியை மட்டும் பார்த்து வழி சொல்லும். அனுப்பியவர் யார், எந்த போர்ட் (எந்தச் சேவை என்று காட்டும் எண்) என்பதையும் பார்த்து வழி பிரிப்பதுதான் பாலிசி ரவுட்டிங். மைக்ரோடிக் ரவுட்டர்களின் இயங்குதளமான ரவுட்டர்ஓஎஸ் 7-இல் இதை எப்படிச் செய்வது, எங்கே சறுக்கும் என்று பார்ப்போம்.

ஊழியர்களுக்கு 192.168.10.0/24, கேமராவுக்கும் விருந்தினருக்கும் 192.168.20.0/24 என்று வைத்துக்கொள்வோம். வேலை தொடங்கும் முன், ரவுட்டரை அமைக்கும் வின்பாக்ஸ் மென்பொருளில் சேஃப் மோடை அழுத்துங்கள். தப்பான ரூலால் உங்கள் இணைப்பே அறுந்தால், செய்த மாற்றங்களை ரவுட்டர் தானே திரும்பப் பெற்றுக்கொள்ளும். தொலைவிலிருந்து வேலை செய்பவர்கள் இதைத் தவிர்க்கவே கூடாது.

முதலில் ரவுட்டிங் மெனுவில் புதிய டேபிள் (வழிகளின் பட்டியல்) ஒன்றை உருவாக்கி, பாக்கெட்டை அனுப்ப அந்த டேபிளைப் பயன்படுத்தச் சொல்லும் எஃப்ஐபி என்ற பெட்டியை டிக் செய்ய வேண்டும். பதிப்பு 6-இல் ரவுட்டில் மார்க் (பாக்கெட்டுக்கு இடும் அடையாளம்) பெயரை எழுதினாலே டேபிள் தானாக உருவாகிவிடும், 7-இல் ஆகாது. பழைய வழிகாட்டியைப் பார்த்துச் செய்பவர்கள் முதலில் மாட்டிக்கொள்வது இங்கேதான். பிறகு ஐபி ரவுட்ஸில் 0.0.0.0/0-க்கு (எந்த முகவரிக்கும்) பிராட்பேண்டின் பிபிபிஓஇ (பயனர்பெயர், கடவுச்சொல் கொடுத்து இணையும் முறை) இன்டர்ஃபேஸை கேட்வேயாகக் (வெளியேறும் வாசலாக) கொடுத்து, இந்தப் புது டேபிளில் சேருங்கள். ரவுட்டரில் முன்பே இருக்கும் மெயின் டேபிளில் லீஸ் லைனின் டிஸ்டன்ஸ் (முன்னுரிமை எண், சிறியதே முதலில்) 1 ஆகவே இருக்கட்டும். பிபிபிஓஇ கிளையன்ட் தானாகச் சேர்க்கும் டீஃபால்ட் ரவுட்டுக்கு டிஸ்டன்ஸ் 2 கொடுத்தால், லீஸ் லைன் விழும்போது அது மாற்று வழியாகும்.

அடுத்து ரவுட்டிங் ரூல்கள். வரிசைதான் இங்கே முக்கியம். மேலே இருக்க வேண்டியது, சேருமிடம் 192.168.0.0/16 (உள் நெட்வொர்க்குகள் எல்லாம்) என்றால் மெயின் டேபிளைப் பார் என்ற ரூல். அதற்குக் கீழே, அனுப்புவது 192.168.20.0/24 என்றால் புது டேபிளைப் பார் என்ற ரூல். முதல் ரூலை விட்டுவிட்டால், ஊழியரின் கணினிக்குக் கேமரா அனுப்பும் பதில்கூட இணையத்தை நோக்கிக் கிளம்பிவிடும். "நெட் வருகிறது, கேமரா மட்டும் தெரியவில்லை" என்ற புகாரின் பின்னால் பல நேரம் இதுதான் இருக்கும்.

இரண்டு இணைப்புக்கும் மாஸ்க்வரேட் வேண்டும். உள் முகவரியை வெளி முகவரியாக மாற்றும் நேட்டின் ஒரு வகை அது. வேன் (இணையப் பக்க) இன்டர்ஃபேஸ் லிஸ்டில் சேர்க்க வேண்டியது பிபிபிஓஇ இன்டர்ஃபேஸை. அது ஓடும் ஈதர் போர்ட்டை மட்டும் சேர்த்தால் நேட் நடக்காது.

நெட்வொர்க் வாரியாகப் பிரிப்பதற்கு இந்த ரூல்களே போதும். தேவையில்லாமல், பாக்கெட்டுகளுக்கு மார்க் போடும் மாங்கிள் பக்கம் போகாதீர்கள். போர்ட் வாரியாகவோ முகவரிப் பட்டியல் வாரியாகவோ பிரிப்பதென்றால்தான் மாங்கிள். அதில் ப்ரீரவுட்டிங் செயினில் (வழி தேடும் முன் ஓடும் ரூல் வரிசை) முதலில் இணைப்பு முழுவதற்குமான கனெக்‌ஷன் மார்க், பிறகு அதை வைத்து, எந்த டேபிள் என்று சொல்லும் ரவுட்டிங் மார்க். முதலாவதற்கு பாஸ்த்ரூ (அடுத்த ரூலுக்கும் போக விடுவது) ஆன், இரண்டாவதற்கு ஆஃப்.

மாங்கிளுக்கு ஃபாஸ்ட்டிராக் ஆகாது. தொழிற்சாலை அமைப்பிலேயே வரும் அந்த ஃபயர்வால் ரூல், இணைப்பு நிலைபெற்றதும் பாக்கெட்டுகளை மாங்கிளைத் தொடாமல் கடத்திவிடும். முதல் சில பாக்கெட் மார்க்கோடு பிராட்பேண்டில் போகும், அடுத்தவை மார்க் இல்லாமல் லீஸ் லைனில் போகும். பக்கம் பாதி திறந்து நிற்கும், வேகம் தவழும், குற்றம் சேவை நிறுவனத்தின் தலையில் விழும். ஃபாஸ்ட்டிராக் ரூலில் கனெக்‌ஷன் மார்க் 'நோ-மார்க்' என்று நிபந்தனை வைத்தால், மார்க் செய்யாத போக்குவரத்து மட்டும் வேகப் பாதையில் போகும்.

வெளியிலிருந்து உள்ளே வரும் இணைப்பைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பிராட்பேண்ட் வழியாக 192.168.10.5 சர்வருக்கு போர்ட் ஃபார்வர்டு (வெளியிலிருந்து வருவதை உள் கணினிக்குத் திருப்பிவிடுவது) செய்திருந்தால், சர்வரின் பதில் மெயின் டேபிளைப் பார்த்து லீஸ் லைனில் வெளியேறும். கேட்டவருக்கு அது போய்ச் சேராது. பிராட்பேண்ட் இன்டர்ஃபேஸில் புதிதாக வரும் இணைப்புக்குக் கனெக்‌ஷன் மார்க் போட்டு, உள் நெட்வொர்க்கிலிருந்து அதே மார்க்கோடு திரும்பும் பாக்கெட்டுக்கு ரவுட்டிங் மார்க் போட வேண்டும். ரவுட்டருக்கே நேரடியாக வரும் இணைப்பு என்றால், பதிலுக்கான ரவுட்டிங் மார்க் அவுட்புட் செயினில் (ரவுட்டரே அனுப்பும் பாக்கெட்டுக்கான ரூல் வரிசை). இதற்கெல்லாம் முன்னால் பிராட்பேண்டின் ஐபியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான வரிசையில் இருந்தால் சேவை நிறுவனத்தின் நேட்டுக்குள் இருக்கிறீர்கள். எந்த போர்ட் ஃபார்வர்டும் பலிக்காது.

இணைப்பு விழும்போது என்ன ஆக வேண்டும் என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். ரூலின் ஆக்‌ஷன் 'லுக்அப்' என்றால், புது டேபிளில் வழி இல்லாதபோது பாக்கெட் மெயின் டேபிளுக்கு வரும். விருந்தினரின் வீடியோ லீஸ் லைனில் ஏறும். அது கூடாதென்றால் 'லுக்அப் ஒன்லி இன் டேபிள்'. லீஸ் லைன் ரவுட்டில் செக் கேட்வே பிங் வைத்தால், 10 விநாடிக்கு ஒருமுறை சோதித்து, இருமுறை பதில் வராவிட்டால் வழி விழுந்ததாக ரவுட்டர் கொள்ளும். ஆனால் அது சோதிப்பது பக்கத்துக் கேட்வேயை மட்டுமே. அதற்கு அப்பால் ஃபைபர் அறுந்தால் தெரியாது. அதற்கு 8.8.8.8 போன்ற ஒரு முகவரிக்கு லீஸ் லைன் வழியாகத் தனி ரவுட் போட்டு, ஸ்கோப் (ஒரு ரவுட்டின் கேட்வேயை இன்னொரு ரவுட் வழியாகத் தேடலாமா என்று தீர்மானிக்கும் எண்) 10 வைத்து, டீஃபால்ட் ரவுட்டின் கேட்வேயாக அந்த முகவரியையே கொடுத்து, டார்கெட் ஸ்கோப் 11 வைக்க வேண்டும். ஒரு விலை உண்டு: அந்த முகவரி இனி லீஸ் லைனில் மட்டுமே கிடைக்கும். அதையே டிஎன்எஸ்ஸாகவும் (தளப் பெயரை ஐபி முகவரியாக்கும் சேவை) வைத்திருந்தால் லைன் விழும்போது பெயர் தேடலும் சேர்ந்து விழும்.

சோதனையை ரவுட்டரிலிருந்து செய்து ஏமாறாதீர்கள். அதன் சொந்த பிங் மெயின் டேபிளையே பார்க்கும். 192.168.20 நெட்வொர்க்கில் ஒரு லேப்டாப்பை இணைத்து, பாக்கெட் கடக்கும் ரவுட்டர்களை வரிசையாகக் காட்டும் டிரேஸ்ரூட்டை ஓட்டுங்கள். ரவுட்டருக்கு அடுத்த முகவரி பிராட்பேண்டுடையதாக இருக்க வேண்டும். ரூலை மாற்றிய பின்னும் பழைய வழியே தெரிந்தால், ஃபயர்வாலின் கனெக்‌ஷன்ஸ் பக்கத்தில் அந்தப் பழைய இணைப்புகளை நீக்கிவிட்டுப் பாருங்கள். குறிப்பாக ஐபி போன்கள் ஒரே யுடிபி இணைப்பை விடாமல் புதுப்பித்துக்கொண்டே இருப்பதால், நீக்கும்வரை பழைய நேட் முகவரியிலேயே தொங்கிக்கொண்டிருக்கும்.