கதையில் தலையில் அடிபட்டவர் எழுந்துவிடுவார்

ராயபுரம் பக்கம் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் டாக்டர் நான். சர்வாதிகாரம் நடக்கும் ஒரு எதிர்கால நகரம், அதற்குள் ரகசியமாக மோதும் இரண்டு கூட்டங்கள், பயிற்சி பெற்ற கொலையாளிகள். இப்படிப்பட்ட தொடர்கதைகளை இங்குள்ள பிளஸ் டூ பிள்ளைகள் ராத்திரி முழுக்க செல்போனில் படிக்கிறார்கள். படிக்கட்டும். அதிகாரத்தைக் கேள்வி கேட்கச் சொல்லும் கதை நல்லதுதான். வடசென்னைப் பிள்ளைகள் இதைப் படித்தால் கெட்டுப்போவார்கள் என்ற பேச்சை நான் ஏற்கவே மாட்டேன்.

என் கவலை வேறு. உடம்பைப் பற்றி இந்தக் கதைகள் சொல்வது பெரும்பாலும் தப்பு.

கதாநாயகன் காவலாளியின் தலையில் ஒன்று போடுகிறான். காவலாளி மயங்கி, ஒரு மணி நேரம் கழித்து தலையைத் தடவிக்கொண்டே எழுகிறான். நிஜத்தில் அவ்வளவு நேரம் நினைவில்லை என்றால் மூளையில் பலமான காயம். அதைவிட ஆபத்து, உடனே எழுந்து நன்றாகப் பேசுகிறவர். நெற்றிப்பொட்டில் எலும்பு மெல்லிசு. அதன் உள்பக்கம் ஒரு ரத்தக்குழாய் ஓடுகிறது. அது கிழிந்தால் மண்டையோட்டுக்குள் ரத்தம் கட்டும். சில மணி நேரம் கழித்துத்தான் வாந்தி, தூக்கக் கலக்கம், ஒரு கண்ணின் பாவை மட்டும் விரிவது எல்லாம் வரும். வியாசர்பாடி மைதானத்தில் ஃபுட்பால் ஆடும்போது தலையோடு தலை மோதினாலும் இதேதான். ‘நல்லாத்தான் பேசறான், தூங்கட்டும்’ என்று விடாதீர்கள். டாக்டர் பார்த்து, சிடி ஸ்கேன் தேவையா என்று சொல்லட்டும்.

அப்புறம் கத்தி. கதையில் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடுவார்கள். குத்திய கத்தியே அறுந்த ரத்தக்குழாயை அடைத்துக்கொண்டிருக்கலாம். பெரியவர் உடம்பில் இருப்பதே சுமார் 5 லிட்டர் ரத்தம். பெரிய தமனி அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போகும். பிடுங்காதீர்கள். அசையாதபடி சுற்றிலும் துணி வையுங்கள். கத்தி இல்லாத காயமா, சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்க்க வேண்டாம். காபித்தூளும் மஞ்சளும் கூடவே கூடாது.

கதையில் காயம்பட்டவர் அரசுக்குப் பயந்து ஒளிந்திருப்பார். இங்கேயும் போலீஸ் கேஸ் ஆகிவிடுமே என்று தாமதமாக வருகிறார்கள். முதலில் உயிரைக் காப்பாற்று, சட்ட நடைமுறை அப்புறம் என்று 1989-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. போலீசுக்குத் தகவல் தருவது ஆஸ்பத்திரி வேலை. சிகிச்சை அதற்காகக் காத்திருக்காது.

108-ஐக் கூப்பிடுங்கள். வந்ததும் எத்தனை மணிக்கு அடிபட்டது, இடையில் மயங்கினாரா, வாந்தி எடுத்தாரா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவரா என்பதைச் சொல்லுங்கள்.