100 ஜிகாவாட் அணுமின்சாரம்: திட்டம் என்ன, விபத்து நடந்தால் இழப்பீடு என்ன?

2025 பிப்ரவரி பட்ஜெட்டில் ஒன்றிய அரசு அணுசக்தி இயக்கம் என்ற திட்டத்தை அறிவித்தது. 2047க்குள் 100 ஜிகாவாட் அணுமின் திறன் என்பது இலக்கு. சிறிய வகை உலைகளின் ஆராய்ச்சிக்கு 20,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. உள்நாட்டிலேயே வடிவமைத்த இத்தகைய உலைகளில் குறைந்தது ஐந்து 2033க்குள் ஓட வேண்டும் என்கிறது திட்டம்.

இப்போது நாட்டில் இருப்பது 9 ஜிகாவாட்டுக்கும் குறைவு. மொத்த மின் உற்பத்தியில் சுமார் 3 சதவீதம்தான். கூடங்குளத்தில் ஓடும் ஓர் உலையின் திறன் 1 ஜிகாவாட். அப்படியென்றால் அதே அளவில் இன்னும் தொண்ணூறு உலைகளாவது வேண்டும், அதுவும் 22 ஆண்டுகளுக்குள்.

தேவை என்னவோ உண்மைதான். சூரிய மின்சாரம் பகலோடு சரி, காற்றாலை சீசன் முடிந்தால் படுத்துவிடும். நிலக்கரியைக் குறைத்துக்கொண்டே ராத்திரியிலும் சீராக மின்சாரம் வேண்டுமென்றால் அணு உலையை ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் அணு உலை வேகமாகக் கட்டக்கூடியது அல்ல. கூடங்குளத்துக்கு ஒப்பந்தம் போட்டது 1988இல், கட்டுமானம் தொடங்கியது 2002இல், முதல் உலையின் மின்சாரம் கம்பியில் ஏறியது 2013 அக்டோபரில். கல்பாக்கம் ஈனுலையின் (எரிப்பதைவிட அதிக எரிபொருளை உண்டாக்கும் உலை) வேலை 2004இல் ஆரம்பித்தது. 2010இல் முடிந்திருக்க வேண்டியது, உலையின் மையப்பகுதியை நிரப்பும் பணி தொடங்கவே 2024 ஆகிவிட்டது. காலம் இழுக்க இழுக்கச் செலவும் ஏறும்.

இந்த வேகத்தைக் கூட்டத்தான் 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் 'சாந்தி' சட்டத்தை நிறைவேற்றியது. 1962ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டமும் 2010ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டமும் இதோடு நீங்கின. தனியார் நிறுவனங்களும் இனி உரிமம் பெற்று அணுமின் நிலையம் நடத்தலாம். உலைகளின் பாதுகாப்பைக் கண்காணிக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குச் சட்ட அந்தஸ்து கிடைத்திருப்பது நல்ல விஷயம்.

நாம் கவனமாகப் படிக்க வேண்டியது இழப்பீட்டுப் பகுதியை. விபத்து நடந்தால் நிலையத்தை நடத்துபவரின் தவறை நாம் நிரூபிக்க வேண்டியதில்லை. பாதிப்பைக் காட்டினால் போதும். இது பழைய சட்டத்திலேயே இருந்த பாதுகாப்பு. ஆனால் அவர் கொடுக்க வேண்டிய தொகைக்கு உச்சவரம்பு உண்டு. உலையின் திறனைப் பொறுத்து அது மாறும். மிகப் பெரிய உலைக்கே 3,000 கோடி ரூபாய்தான். அதற்கு மேல் மொத்தம் 30 கோடி எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு) வரை, அதாவது சுமார் 4,000 கோடி ரூபாய்க்குள், அரசு ஈடுகட்டும். புகுஷிமா விபத்தின் மொத்தச் செலவை ஜப்பான் அரசு 2016இல் 21.5 லட்சம் கோடி யென் என்று மதிப்பிட்டது. அன்றைய மதிப்பில் 12 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். நம் வரம்பு எவ்வளவு சின்னது என்பதை இதில் பார்க்கலாம்.

இன்னொரு மாற்றமும் உண்டு. உலைக்குப் பழுதான பாகம் கொடுத்த நிறுவனத்திடமிருந்து, கொடுத்த இழப்பீட்டைத் திரும்ப வசூலிக்கும் உரிமையை 2010 சட்டத்தின் 17(பி) பிரிவு நிலையத்தை நடத்துபவருக்குத் தந்திருந்தது. போபாலின் கசப்பான அனுபவத்திலிருந்து வந்த பிரிவு அது. வெளிநாட்டு நிறுவனங்கள் அதைக் காட்டியே தயங்கின. இப்போது அது எடுக்கப்பட்டுவிட்டது. முதலீடு வரும் என்பதற்காக இதை விட்டுக்கொடுத்தது தவறு என்பது என் கருத்து. பொருள் செய்தவருக்குப் பொறுப்பு இருந்தால்தான் தரமும் இருக்கும்.

அப்புறம் கழிவு. கூடங்குளத்தில் எரிந்து முடிந்த எரிபொருளை சோவியத் நாடே எடுத்துச் செல்லும் என்றது 1988 ஒப்பந்தம். 1998இல் அது மாறி, இந்தியாவே வைத்துக்கொள்ளும் என்றானது. அந்தக் கழிவு என்ன ஆகும் என்பதுதான் பக்கத்து ஊரான இடிந்தகரையின் மீனவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கும் கேள்வி.

உங்கள் ஊர்ப் பக்கம் நிலையம் வருகிறது என்றால் 2006 சுற்றுச்சூழல் அறிவிக்கைப்படி கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தியாக வேண்டும். குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். ஆய்வறிக்கையின் சுருக்கத்தைத் தமிழில் ஆட்சியர் அலுவலகத்தில் பார்வைக்கு வைக்க வேண்டும். எழுத்து மூலமும் ஆட்சேபம் தரலாம். ஆனால் தோரியம் போன்ற அணுக் கனிமங்களைத் தோண்டும் சுரங்கங்களுக்கு 2025 செப்டம்பரில் இந்தக் கூட்டத்திலிருந்து விலக்கு கொடுத்துவிட்டார்கள். குமரி மாவட்டக் கடற்கரை மணலுக்கும் அது பொருந்தும். தமிழ்நாடு அரசு அதை எதிர்த்துப் பிரதமருக்குக் கடிதம் எழுதியிருக்கிறது.