இறக்கிய கார் ஏன் தூக்கிப் போடுகிறது?

கழற்றிய ஷாக் அப்சார்பரை மெக்கானிக் மேசைமேல் கிடத்தி, ரப்பர் உறையை மேலே உருவினார். உள்ளே இருந்த பம்ப் ஸ்டாப், அதாவது சக்கரம் மேலே ஏறும் எல்லையில் அடியைத் தாங்கும் நுரைக்கட்டி, காய்ந்த ரஸ்க் மாதிரி அவர் கையிலேயே உதிர்ந்தது. ஷாக்கின் ராடைச் சுற்றிக் கசிந்த எண்ணெயில் செம்மண் அப்பியிருந்தது. காரின் உயரத்தை 40 மி.மீ. இறக்கும் ஸ்பிரிங் போட்டு எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஷாக் பழையதே இருக்கட்டும், ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினால் போதும் என்பது நான் எடுத்த முடிவு. கோவையில் தினமும் ஆபீசுக்கு ஓட்டுகிற டர்போ ஹேட்ச்பேக் அது. வால்பாறை மலைப்பாதையின் 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் சாயாமல் ஏற வேண்டும் என்பதுதான் என் ஆசை. அந்த ஆசையில் தப்பில்லை, பணத்தைப் போட்ட இடம்தான் தப்பு. ஏன் என்பதை ஒரு சின்னக் கணக்கு சொல்லிவிடும்.

காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். பள்ளத்தின் அடியை முதலில் வாங்குவதும் அதுதான். ஷாக் அப்சார்பர் என்ற பெயர் அந்த வகையில் நம்மைக் குழப்புகிறது. ஸ்பிரிங் வாங்கிய அடியைத் திருப்பிக் கொடுக்கும்போது எழும் ஆட்டத்தை எண்ணெயில் கரைத்து வெப்பமாக்குவதுதான் ஷாக்கின் வேலை. நல்ல சாலையில் ஓட்டிவிட்டு வந்து தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பாக இருக்கும். குண்டும் குழியுமான சாலை என்றால் கை சுடும்.

முன்சக்கரம் ஒன்றின் மேல் 300 கிலோ உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த எடைக்கு ஸ்பிரிங் 15 செ.மீ. அளவுக்கு அமுங்கினால், கார் நொடிக்கு 1.3 முறை மேலும் கீழும் ஆடும். இதை 1.3 ஹெர்ட்ஸ் என்பார்கள். குடும்பக் கார்கள் பெரும்பாலும் 1 முதல் 1.5 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். 2 ஹெர்ட்ஸைத் தாண்டினால் பந்தயக் காரின் பக்கம் போய்விட்டோம் என்று அர்த்தம். நடக்கும்போது நம் உடம்பே நொடிக்கு ஏறக்குறைய இரண்டு முறை ஏறி இறங்குகிறது. அதனால் அந்த அளவு ஆட்டம் உடம்புக்குப் பழக்கம்தான். வயிற்றைக் கலக்குவது 4 முதல் 8 ஹெர்ட்ஸ் அதிர்வு.

இந்த ஆட்டத்தின் வேகம் ஸ்பிரிங்கின் விறைப்பைப் பொறுத்து வர்க்கமூலமாகத்தான் கூடும். 30 சதவீதம் விறைப்பான ஸ்பிரிங் போட்டால் 1.3 ஹெர்ட்ஸ் 1.5-ஐ நெருங்கும், அவ்வளவுதான். அதில் முதுகு உடைந்துவிடாது. ஆனால் இறக்கிய கார் கட்டை மாதிரி இடிக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்களே? அந்த இடி ஸ்பிரிங்கிலிருந்து வருவதில்லை, இடம் தீர்ந்துபோவதால் வருகிறது.

கார் நிற்கும் நிலையிலிருந்து சக்கரம் மேலே ஏற, பம்ப் ஸ்டாப்பைத் தொடும்வரை, 70 மி.மீ. இடம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். 40 மி.மீ. இறக்கினால் மிச்சம் 30. ஸ்பிரிங் விழுங்கக்கூடிய ஆற்றல் அது அமுங்கும் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே பழைய அடியை இந்த 30 மி.மீ.க்குள் வாங்க வேண்டுமானால் ஸ்பிரிங் 5.4 மடங்கு விறைப்பாக இருக்க வேண்டும். நான் வாங்கியதோ 1.3 மடங்கு. கணக்குப் போட்டால், பம்ப் ஸ்டாப்பைத் தொடாமல் என் கார் வாங்கக்கூடிய அடி பழையதில் கால் பங்குக்கும் கீழே போயிருந்தது. எட்டு மாதமாக நான் ஓட்டியது ஸ்பிரிங்கின் மேல் அல்ல, உள்ளங்கை அளவு நுரைக்கட்டியின் மேல். அது உதிராமல் என்ன செய்யும்?

நம் சாலையும் இதற்குத் துணை போகிறது. சாலைத் தரங்களை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் சொல்லும் வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம். 25 கி.மீ. வேகத்தில் படகு அலையில் ஏறுவது போல ஏறி இறங்கிவிடலாம். தெருமுனையில் ஒரே இரவில் முளைக்கிற வேகத்தடை ஒரு முழம் அகலம்கூட இருப்பதில்லை. அதில் சக்கரம் கண்ணிமைக்கும் நேரத்தில் மேலே போயாக வேண்டும். போக இடம் இருந்தால்தானே போகும்?

இன்னொன்று, இதைத்தான் பலரும் நம்ப மறுக்கிறார்கள்: இறக்கிய கார் வளைவில் அதிகமாகச் சாயவும் கூடும். ஸ்விஃப்ட், ஐ20, போலோ எல்லாவற்றிலும் முன்பக்கம் ஷாக்கே சக்கரத்தைத் தாங்கும் தூணாகவும் நிற்கிற மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட்தான். இதில் சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் காரோடு இணைக்கும் லோயர் ஆர்ம் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதை வைத்து, கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாயும் என்பது அமைகிறது. அதை ரோல் சென்டர் என்பார்கள். அந்தப் புள்ளிக்கும் காரின் ஈர்ப்பு மையத்துக்கும் இடையே உள்ள தூரம்தான் காரைச் சாய்க்கிற நெம்புகோல். காரை இறக்கும்போது ஈர்ப்பு மையம் 40 மி.மீ. இறங்குகிறது. லோயர் ஆர்மின் சக்கரப் பக்க முனை மேல்நோக்கித் திரும்பிவிடுவதால், ரோல் சென்டர் அதைவிட அதிகமாக இறங்கிவிடுகிறது. நெம்புகோல் நீளுகிறது. கூடுதல் விறைப்பில் ஒரு பகுதி இந்த நீளத்தை ஈடுகட்டவே செலவாகிவிடும். ஸ்டியரிங் ராடின் கோணமும் கெடுவதால், பள்ளத்தில் இறங்கும்போது ஸ்டியரிங் தானாக ஒரு பக்கம் இழுக்கும்.

அப்படியானால் காசு எங்கே போக வேண்டும்? ஷாக்கில் என்பேன். தயங்காமல்.

நல்ல ஷாக்கைப் பிரித்தால் பிஸ்டனின் மேலும் கீழும் மெல்லிய எஃகு வட்டத்தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றும் 0.1, 0.2 மி.மீ. கனம்தான். விரலால் வளைத்தால் வளையும். வளைவில் கார் சாயும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் பிஸ்டன் மெதுவாகத்தான் நகர்கிறது. அந்த வேகத்தில் தகடுகள் பிஸ்டனின் துளைகளை மூடியே இருக்கும், எண்ணெய் சின்ன ஓட்டை வழியே திணறித்தான் போகும். ஷாக் விறைப்பாக நின்று காரைப் பிடித்துக்கொள்கிறது. பள்ளத்தில் விழும்போது பிஸ்டன் பல மடங்கு வேகத்தில் பாய்கிறது. அழுத்தம் தாங்காமல் தகடுகள் வளைந்து வழிவிடுகின்றன, எண்ணெய் தாராளமாக ஓடுகிறது. ஒரே ஷாக் வளைவில் விறைப்பாகவும் பள்ளத்தில் இளக்கமாகவும் நடந்துகொள்ள முடிவது இதனால்தான். எந்த ஸ்பிரிங்காலும் இதைச் செய்ய முடியாது. எனக்கு இந்தத் தகடு அடுக்கைப் பார்க்கும்போதெல்லாம் மனசு நிறையும். கணினியோ மின்சாரமோ இல்லாமல், எண்ணெயும் எஃகும் மட்டுமே சேர்ந்து எடுக்கிற முடிவு அது.

ஸ்பிரிங்கை மட்டும் விறைப்பாக்கினால் பழைய ஷாக்கின் பிடி, அதாவது ஆட்டத்தை அடக்கும் திறன், அதற்குப் போதாமல் போகும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதே 30 சதவீதக் கணக்கில் பிடி 12 சதவீதம் குறைகிறது. ஷாக் ஏற்கெனவே 60,000 கி.மீ. ஓடித் தளர்ந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். கார் ஒரு மேட்டைத் தாண்டியபின் இரண்டு மூன்று முறை தலையாட்டுவது இதனால்தான்.

ஷாக்குக்கும் முன்னால் பார்க்க வேண்டியவை டயரும், இணைப்புகளில் இருக்கும் ரப்பர் புஷ்ஷும். லோயர் ஆர்ம் புஷ் கிழிந்த காரில் எவ்வளவு விலை உயர்ந்த ஷாக் போட்டாலும் பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் அலையும். வளைவில் சாய்வது மட்டுமே குறை என்றால் இடது, வலது சக்கரங்களை இணைக்கும் கம்பியான ஆன்ட்டி ரோல் பாரைக் கொஞ்சம் தடிமனாக்கலாம். அதன் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடுவதால், 20 மி.மீ. கம்பியை 22 ஆக்கினாலே 46 சதவீதம் கூடிவிடும். நேரே போகும்போது இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறி இறங்கினால் அது குறுக்கே வராது. ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கினால் கார் கொஞ்சம் குலுங்கும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் ஜோடியான காயில்ஓவர் செட், செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தளத்தில் மாதம் ஒருமுறை ஓட்டுகிறவருக்குத் தேவைப்படலாம். உயரத்தை மாற்ற முடியும் என்பதற்காகவே அதை வாங்கி, தரையோடு தரையாக இறக்கி வைத்தால், மேலே போட்ட கணக்கு அதற்கும் பொருந்தும். எதை மாற்றினாலும் வீல் அலைன்மென்ட் மறுபடி பார்த்தாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு வண்டியின் அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. எனவே வாங்கும் முன்பே இன்சூரன்ஸ்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இப்போது என் காரில் கம்பெனி உயரத்திலேயே ஸ்பிரிங், நல்ல ஷாக், புதிய புஷ். மாட்டும்போது மெக்கானிக் ஒரு வேலை செய்தார். ஷாக் ராடைச் சுற்றி ஒரு சின்ன கேபிள் டையை இறுக்கிக் கீழே தள்ளிவைத்தார். சக்கரம் ஏறும்போது ஷாக்கின் உடல் அதை மேலே தள்ளிக்கொண்டு போகும், இறங்கும்போது டை அங்கேயே நின்றுவிடும். ஒரு வாரம் வழக்கம்போல ஓட்டிவிட்டு வந்து உறையைத் தூக்கிப் பார்த்தோம். டை பம்ப் ஸ்டாப்புக்கு இரண்டு விரல் கீழே நின்றது.