குறுக்கே போன வயரும் கோணேசர் படமும்

சுவருக்குள் வயரைக் குறுக்கே புதைத்த வீடு, இந்த மாதத்தில் இது மூன்றாவது. பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

திருகோணமலையில், உப்புவெளிப் பக்கம் ஒரு புது வீடு. மாரி தொடங்கியதிலிருந்து மழை நாட்களில் இரவானால் ட்ரிப் சுவிட்ச் (கரண்ட் கசிந்தால் தானாக நிறுத்துவது) விழுகிறது, பகலில் நிற்கிறது. ஒருவர் வந்து ட்ரிப் சுவிட்ச் பழுது என்று சொல்லி மாற்றிக் கொடுத்தார். புதியதும் விழுந்தது. அடுத்து வந்தவர் "அதைக் கழட்டிப்போட்டு நேரே குடுப்பம்" என்றாராம். வீட்டு அக்கா சம்மதிக்கவில்லை, என்னைக் கூப்பிட்டார்.

மெயினை இறக்கி, பல்புகளைக் கழற்றி, வயரின் காப்பை அளக்கும் மெகர் வைத்தேன். (லைட் சுவிட்சுகளை ஓன் பண்ணிவிட்டுத்தான் வைக்க வேண்டும், தம்பிமாரே. இல்லையென்றால் பாதி வயரைப் பார்க்காமலே வந்துவிடுவீர்கள்.) ஹோல் சுவர் லைட் லைன் 1 மெகா ஓமுக்கும் கீழே, அதாவது வயரின் காப்பு எங்கோ பழுது. வாசலோரம் சுவிட்ச், மற்ற மூலைக்குக் கிட்ட உயரத்தில் லைட், இரண்டுக்கும் நடுவே கொங்கிரீட் ஆணியில் கம்பி கட்டித் தொங்கிய கோணேசர் படம். திரும்பக் கரண்டைக் கொடுத்து, லைட்டைப் போட்டு, ஆணியில் டெஸ்டரை வைத்தேன். எரிந்தது. ஆணி வயரில் பட்டிருக்கிறது: இரவில் லைட் போட்டால் ஆணியில் கரண்ட், மழையில் ஈரமான சுவர் வழியே அது கசிய ட்ரிப் சுவிட்ச் விழுகிறது. வெள்ளிக்கிழமைகளில் அந்தப் படத்தை ஈரத்துணியால் துடைத்துத்தான் பூ வைப்பாராம் அக்கா. காலையில், லைட் போடாத நேரத்தில்.

சுவரை வெட்டினால், சுவிட்சிலிருந்து லைட்டுக்கு வயர் மூலைக்கு மூலை சரிவாகப் போகிறது. பைப்பும் இல்லை, பூச்சுக்குள் அப்படியே புதைத்திருக்கிறார்கள்.

இப்படி வயர் போடுகிறவர்களைக் கேட்டால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: குறுக்கே போனால் வயர் மிச்சம், பூசினால் யாருக்குத் தெரியும். சரி, கணக்குப் பார்ப்போம். லைட் 8 அடி தள்ளி, 4 அடி மேலே இருக்கிறது. நேரே மேலே ஏறித் திரும்பினால் 12 அடி. சரிவாகப் போனால் 9 அடி. லைவ், நியூட்ரல், ஏர்த் மூன்று வயருக்கும் சேர்த்து மிச்சம் 9 அடி, ஒரு கொத்து ரொட்டிக் காசு தேறாது. யாருக்குத் தெரியும் என்கிறார்களே, ஆபத்தே அதுதான், ஆணி அடிக்கிறவனுக்குத் தெரியாது! சுவிட்சுக்கும் லைட்டுக்கும் நேர் மேலே, நேர் கீழே, நேர் பக்கவாட்டில் வயர் இருக்கலாம், மற்ற இடத்தில் இராது என்று நம்பித்தான் சுவரில் துளை போடுகிறார்கள். சுவரின் மேல் விளிம்பிலும் மூலைகளிலும் 6 அங்குலத்துக்குள் ஓடினாலும் சரி. சரிவாக ஓடும் வயருக்கு அடையாளம் ஏது? பைப்புக்குள் போட்டாலும் இதே கதைதான், பிவிசி பைப் ஆணியைத் தடுக்காது. பைப் எதற்கென்றால், நாளைக்கு வயரை இழுத்து மாற்ற.

புதிதாக லைட் போடுகிறவர்கள், நிலைக்குத்தாக வெட்டினால் சுவரின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆழம் போகாதீர்கள், கிடையாக என்றால் ஆறில் ஒரு பங்கு, அதாவது 4 அங்குலப் புளொக் சுவரில் முக்கால் அங்குலம்கூட இல்லை, ஆகவே முடிந்தவரை மேலிருந்து இறக்குங்கள். ஜொயின்ட்டைப் பூச்சுக்குள் புதைக்காதீர்கள். லைட் பிளாஸ்டிக் என்றாலும் ஏர்த் வயரை அதுவரை கொண்டுபோங்கள், நாளைக்கு நீங்களே பித்தளை லைட் வாங்கி வருவீர்கள். பைப் வாய்களைச் சீமெந்துப் பையால் அடையுங்கள், இல்லாவிட்டால் மேசன் சாந்தால் அடைத்துத் தருவார். பூசுமுன் ஒவ்வொரு சுவரையும் அளவு டேப்பை விரித்துப் பிடித்து போனில் படம் எடுத்து வையுங்கள், தயவுசெய்து.

ட்ரிப் சுவிட்ச் 30 மில்லி அம்பியர்தானா பாருங்கள், டெஸ்ட் பட்டனை இடைக்கிடை அழுத்துங்கள். லைவையும் நியூட்ரலையும் ஒருசேரப் பிடித்தவனை அது காப்பாற்றாது. அதற்காக அதைக் கழற்றச் சொல்கிறவரை வீட்டுக்குள் விடாதீர்கள்.

அந்த வீட்டில் பழைய வயரை முழுக்க உருவி எறிந்துவிட்டு, பைப் போட்டு நேரே ஏற்றி மேல் விளிம்போரமாகக் கொண்டுபோய் லைட்டுக்கு இறக்கினேன். கோணேசர் படத்துக்கு அக்கா வேறு இடம் பார்த்தார். வேண்டாம் என்று அதே ஆணித் துளையிலேயே மாட்டிக் கொடுத்தேன்.