சியா விதையை முதலில் தண்ணீரில் போடுங்கள், அப்புறம் வாயில்

என் மேசை மேல் எப்போதும் ஒரு சின்னக் கண்ணாடி டம்ளர் இருக்கும். காலையில் உணவு ஆலோசனை கேட்டு முதல் ஆள் உள்ளே வருவதற்கு முன்பே அதில் இரண்டு டீஸ்பூன் சியா விதையைப் போட்டு, அரை டம்ளர் தண்ணீர் ஊற்றிக் கலக்கி வைத்துவிடுவேன். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஒவ்வொரு விதையையும் சுற்றி நுங்கு போல ஒரு உறை கட்டியிருக்கும். டம்ளரைச் சாய்த்தால் தண்ணீராக ஓடாது, கொழகொழவென்று மெதுவாக நழுவும். சியாவைப் பற்றிக் கேட்டு வருகிறவர்களிடம் முதலில் அந்த டம்ளரைக் கையில் கொடுத்துவிடுவேன்.

இந்தப் பழக்கம் வரக் காரணம் ஒரு பள்ளி ஆசிரியை. நாற்பது வயதிருக்கும். பல வருடமாக மலச்சிக்கல். ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்துச் சியா விதை வாங்கியிருக்கிறார். காலையில் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் ஒரு மேசைக்கரண்டி விதையை அப்படியே வாயில் போட்டு, இரண்டு மடக்கு தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். அப்புறம் மாலை வீடு திரும்பும்வரை தண்ணீரே கிடையாது. பத்து நாளில் வயிறு கல்லாகிவிட்டது. "நார்ச்சத்துன்னு சொன்னாங்கன்னுதானே மேடம் சாப்பிட்டேன், இருந்ததும் போச்சே" என்று கண் கலங்கினார்.

சியா தன் எடையைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு தண்ணீரை இழுத்துக்கொள்ளும். டம்ளரில் அந்தத் தண்ணீர் கிடைக்காவிட்டால் உணவுக்குழாயிலோ குடலிலோ தேடிக்கொள்ளும். குடலில் ஈரம் குறைந்தால் மலம் இறுகத்தான் செய்யும். 2014ஆம் ஆண்டு அமெரிக்காவில் மருத்துவர்கள் ஒரு சம்பவத்தைப் பதிவு செய்தார்கள். 39 வயது ஆண் ஒருவர் ஒரு கரண்டி உலர்ந்த சியாவை விழுங்கிவிட்டு மேலே ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். விதை உணவுக்குழாயிலேயே ஊறிப் பருத்து அடைத்துக்கொண்டது. எச்சில்கூட விழுங்க முடியாமல் வந்தவருக்கு உள்நோக்குக் கருவி விட்டுத்தான் சரிசெய்தார்கள். அவருக்கு ஏற்கெனவே அவ்வப்போது விழுங்குவதில் சிரமம் இருந்திருக்கிறது. அதனால்தான் பக்கவாதம் வந்தவர்கள், சாப்பிடும்போது அடிக்கடி புரையேறுகிற பெரியவர்கள், உணவுக்குழாய் சுருக்கம் உள்ளவர்கள் இவர்களுக்கெல்லாம் மருத்துவரைக் கேட்காமல் சியா கொடுக்காதீர்கள் என்று அழுத்திச் சொல்கிறேன். சின்னக் குழந்தைகளின் வாயில் உலர்ந்த விதை போகவே கூடாது.

சியாவின் ஊர் மெக்சிகோவும் குவாத்தமாலாவும். ஸ்பானியர்கள் வருவதற்கு முன் மெக்சிகோவை ஆண்ட அஸ்டெக் மக்களுக்கு இது மக்காச்சோளம், பீன்ஸ் போல அன்றாட உணவு. அரசனுக்குக் கட்டிய கப்பத்திலும் சியா இருந்ததை அவர்களைப் பற்றிய 16ஆம் நூற்றாண்டுப் படச்சுவடியான மெண்டோசா சுவடி காட்டுகிறது. இன்றைக்கும் மெக்சிகோவில் சியாவைத் தண்ணீரில் ஊறவைத்து, எலுமிச்சை பிழிந்து, இனிப்புச் சேர்த்துக் குடிக்கிறார்கள். இந்த விதையோடு காலங்காலமாக வாழ்ந்தவர்களுக்கு ஊறவைப்பது பழக்கமான கை வேலை. நாமும் அதற்குப் புதியவர்கள் இல்லை. சப்ஜா விதையை யாராவது ஊறவைக்காமல் சர்பத்தில் போடுவார்களா?

சப்ஜா என்றதும் நினைவுக்கு வருகிறது. சியா என்று நினைத்துப் பலர் என்னிடம் கொண்டுவந்து காட்டும் பொட்டலத்தில் சப்ஜாதான் இருக்கும். இரண்டும் துளசிக் குடும்பத்துச் செடிகள்தான், ஆனால் விதை வேறு. சப்ஜா திருநீற்றுப்பச்சிலையின் விதை. ஒரே கறுப்பாக இருக்கும், தண்ணீரில் போட்ட சில நிமிடங்களிலேயே உப்பிவிடும். சியாவைக் கைக்குள் வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் சாம்பல், பழுப்பு, வெள்ளை என்று காடை முட்டை ஓடு மாதிரி கோலம் தெரியும். ஊறவும் நேரமெடுக்கும். சப்ஜா வாங்கிவிட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை, அதுவும் நார்ச்சத்துள்ள நல்ல விதைதான். கீழே நான் சொல்லப்போகும் கணக்கு மட்டும் சியாவுக்கானது.

100 கிராம் சியாவில் கால்சியம் 631 மில்லிகிராம், பாலைவிட ஐந்து மடங்கு என்று விளம்பரங்களில் போடுவார்கள். கணக்கு சரிதான். ஆனால் யார் 100 கிராம் சாப்பிடுகிறார்கள்? ஒரு மேசைக்கரண்டி சுமார் 12 கிராம். அதில் கால்சியம் 75 மில்லிகிராம் வரும். அரை டம்ளர் பாலில் இதைவிட அதிகம். புரதம் 2 கிராம், இரும்பு ஒரு மில்லிகிராமுக்கும் சற்றுக் கீழே. இவற்றுக்காகச் சியா வாங்க வேண்டியதில்லை. எள்ளும் கேழ்வரகும் கீரையும் பருப்பும் அந்த வேலையை நன்றாகவே செய்கின்றன.

சியாவின் உண்மையான பலம் நார்ச்சத்து. அதே ஒரு மேசைக்கரண்டியில் 4 கிராம். பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வெள்ளைச் சோறும் இட்லியும் உருளைக்கிழங்குமாக நாள் ஓடுகிற வீட்டில் அந்த 4 கிராம் பெரிய உதவி. டம்ளரில் நீங்கள் பார்க்கும் அந்தக் கொழகொழப்பே நீரில் கரையும் வகை நார். அது வயிற்றில் உணவைக் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கிறது. சர்க்கரை ரத்தத்தில் மெதுவாக ஏறுகிறது, பசி அடங்கியிருக்கிறது, மலம் இளகுகிறது.

இன்னொன்று ஒமேகா 3. ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 2 கிராம் ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் இருக்கிறது. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இது நல்ல வழி. ஆனால் மத்தி, அயிலையில் இருக்கும் ஒமேகா 3 வேறு வகை. சியாவில் இருப்பதை உடல் அந்த வகையாக மாற்றிக்கொள்வது மிகக் கொஞ்சம்தான். வாரம் இரண்டு நாள் மீன் குழம்பு வைக்கிற வீட்டில் மீனை நிறுத்திவிட்டுச் சியாவுக்கு மாறாதீர்கள். ஆளிவிதை கிடைத்தால் அதுவும் இதே வகை ஒமேகா 3தான், பொடித்துச் சாப்பிட வேண்டும்.

எடை குறையுமா என்றுதான் பாதிப்பேர் கேட்கிறார்கள். ஒரு ஆய்வில் அதிக எடையுள்ளவர்களுக்குத் தினமும் 50 கிராம் வீதம் 12 வாரம் கொடுத்தும் எடையில் மாற்றமில்லை. 2017இல் வந்த இன்னொரு ஆய்வில் சர்க்கரை நோயாளிகளுக்குக் கலோரியைக் குறைத்த உணவோடு சியாவும் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் சுமார் 2 கிலோ குறைந்தது. அங்கேயும் கொடுத்த அளவு நாம் குடிப்பதைவிடப் பல மடங்கு. இரவு மூன்று பரோட்டா சாப்பிட்டுவிட்டுக் காலையில் சியா தண்ணீர் குடித்தால் 58 கலோரி கூடும், அவ்வளவுதான்.

மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். தைராய்டு மாத்திரையைப் போட்ட கையோடு சியா தண்ணீர் குடிக்கிறவர்களை நிறையப் பார்க்கிறேன். நார்ச்சத்து அந்த மருந்தை உடல் எடுத்துக்கொள்வதைக் குறைத்துவிடும். சியாவை மதியத்துக்கோ மாலைக்கோ தள்ளிவிடுங்கள். சர்க்கரைக்கு, ரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் தினமும் சியா சேர்க்க ஆரம்பித்தால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு, அளவுகளை அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள். சிறுநீரக நோயாளிகளுக்கு இதிலிருக்கும் பாஸ்பரஸ் ஒத்துவராமல் போகலாம், கேட்காமல் தொட வேண்டாம்.

மற்றவர்கள் ஒரு டீஸ்பூனில் தொடங்கலாம். அதை ஒரு டம்ளர் தண்ணீரிலோ மோரிலோ போட்டு உடனே கலக்குங்கள், ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு முறை கலக்குங்கள், இல்லையென்றால் அடியில் கட்டியாகிவிடும். அரை மணி நேரம் ஊறட்டும். எனக்குப் பிடித்தது கேழ்வரகுக் கூழ், மோர், சின்ன வெங்காயத்தோடு சேர்த்துக் குடிப்பது. வயிறு பழகியபின் மெல்ல ஒரு மேசைக்கரண்டிவரை போகலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் பாக்கெட் சியாவுக்கு வைத்த வரம்பு நாளுக்கு 15 கிராமாக இருந்தது. வயிறு உப்பினால் அளவைக் குறைத்துவிடுங்கள்.

அந்த ஆசிரியைக்கு நான் முதலில் சியாவை நிறுத்தச் சொன்னேன். தண்ணீர் ஏன் குடிப்பதில்லை என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பள்ளிக் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்றார். அதனால் அங்கிருக்கும் பெண் ஆசிரியர்கள் யாருமே பகலில் சரியாகத் தண்ணீர் குடிப்பதில்லையாம். மூன்று வாரத்துக்குத் தண்ணீர், கொய்யா, தினம் ஒரு கீரை என்று எழுதிக் கொடுத்து அனுப்பினேன்.

அடுத்த முறை வந்தபோது முகம் தெளிந்திருந்தது. பையிலிருந்து ஒரு லிட்டர் பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தார், அடியில் ஒரு மடக்குதான் மிச்சம். "நாங்க நாலு பேர் காசு போட்டுத் தாழ்ப்பாள் வாங்கி மாட்டிட்டோம் மேடம்" என்றார். அப்புறம் என் டம்ளரைப் பார்த்துவிட்டு, "இதை இனிமே ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டார்.

ஒரு டீஸ்பூன் என்று எழுதிக் கொடுத்தேன்.